முப்பத்தோராம் பக்கத்து நாசி லெமாக்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பெரிய குக்கர் இயக்கக் கையேட்டின் ஏழாம் திருத்தம் வெளிவருகிறது. மனிதகுலம் இத்தனை காலம் பொறுமையாகக் காத்திருந்தது இதற்காகத்தான். ஆறாம் திருத்தத்தில் பதினான்கு அட்டவணைகள் இருந்தன, இதில் பதினைந்து. பக்க எண்கள் வலது மூலையிலிருந்து நடுவுக்கு வந்திருக்கின்றன. இந்த மாற்றத்துக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. ஒன்றில் கறிபஃப் கொடுத்தார்கள்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது கையேட்டின் கடைசிப் பகுதி. இணைப்பு ஐந்து, எண்பத்தெட்டாம் பக்கம். 'சொற்பட்டியலும் பிற விவரங்களும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். சொற்பட்டியல் முந்தின பக்கத்தில் முடிந்துவிட்டது. இவை பிற விவரங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றால் என் வணக்கம். இந்தக் கையேட்டை முழுதாகப் படித்தவர்களில் நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் பரஞ்சோதி. வயது ஐம்பத்திரண்டு. கோலா கெத்தில் தொழிற்பேட்டையில், கோழி ரெண்டாங்கையும் மீன் குழம்பையும் பொட்டலத்தில் அடைத்து வேகவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் தொழில்நுட்ப எழுத்தாளர். என் கதவில் 'தகவல் நிர்வாகப் பிரிவு' என்று பலகை இருக்கிறது. பிரிவு என்றால் நானும் ஓர் அச்சு இயந்திரமும். எந்த இயந்திரத்தை எப்படி இயக்க வேண்டும், எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எழுதுவது என் வேலை. எழுதி, எண் போட்டு, தேதி போட்டு, மூன்று மேலாளர்களிடம் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுவேன். பிறகு அந்த உறையில் பல்லி முட்டையிடும்.

கையேடு முதலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. எங்கள் பொது மேலாளர் சுப்பிரமணியம் ஒருநாள் தமிழிலும் வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பத்திரிகையில் படம் வந்தது. அவர் கையேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து இருபத்தாறு தமிழ்த் தொழிலாளர்களுக்காகத் தனிப் பதிப்பு. அவர்கள் எல்லாரும் 'முழுதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற தாளில் கையெழுத்திட வேண்டும். தாளை உணவு இடைவேளையில் கொண்டுபோனால் ஆறு நிமிடத்தில் நிறைந்துவிடும். எண்பது பக்கத்தை ஆறு நிமிடத்தில் படிக்கும் மக்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மனைவி காஞ்சனா இப்போது மெர்கோங்கில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே நான் ஒட்டியிருந்த நான்கு படி வழிமுறையில், அவள் பென்சிலால் ஐந்தாவதாக ஏதோ எழுதிச் சேர்த்தாள். நான் அதை அழித்துவிட்டு, திருத்தம் வேண்டுமானால் என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு மாதத்தில் போய்விட்டாள். பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தேதி இல்லை. நான் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

ஒரு நாள் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். தமிழ்ப் பதிப்பின் முப்பத்தோராம் பக்கத்தில், பெரிய குக்கரின் கதவைத் திறக்கும் முறையை விளக்கும் இடத்தில், பத்திக்கு நடுவே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இதைப் படிப்பவர் தகவல் நிர்வாகப் பிரிவுக்கு வந்து பரஞ்சோதியிடம் ஒரு நாசி லெமாக் பெற்றுக்கொள்ளவும்.' அந்தப் பக்கத்தில் மூன்று மேலாளர்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு தணிக்கைகள் நடந்தன. மூன்று வருடம் போயிற்று. ஒருவரும் வரவில்லை.

நான் வருத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. மத்தியானத்தில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் முட்டையும் சம்பலும், வாங்கி நானே சாப்பிட்டுக்கொண்டேன்.

பெரிய குக்கர் என்று நாம் எல்லாரும் சொல்வது, ஒரு மினி வேன் உள்ளே நிற்கக்கூடிய இரும்புக் கலன். பொட்டலங்களை உள்ளே தள்ளி, கதவைப் பூட்டி, நீராவியில் வேகவைப்பார்கள். வெந்து முடிந்து உள்ளே அழுத்தம் இறங்கியதும் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் கதவைத் திறக்கலாம். என் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் தந்த புத்தகத்திலும் அப்படித்தான்.

பராமரிப்பு மேற்பார்வையாளர் ஹேமநாதனுக்கு மட்டும் வேறு கருத்து. எஸ்டேட்டில் பிறந்து, பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்தவர். பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தடித்த கறுப்புப் பேனாவால் எழுதி, கம்பியால் குக்கரின் கைப்பிடிப் பக்கம் கட்டிவிட்டார். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி: பச்சை பொய் சொல்லும், சின்ன வால்வைத் திற, சீறினா கிட்ட போகாதே. நேப்பாளித் தொழிலாளர்களுக்காக ஒரு பாம்புப் படம். பாம்பு கொஞ்சம் மண்புழு மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். புதிதாக வந்தவர்களை முதலில் அந்த அட்டைக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என் கையேடு அங்கிருந்து இரண்டடி தூரத்தில், பல்லி முட்டையோடு தொங்கியது.

ஹேமநாதன் முறைப்படியும் முயன்றார் என்று சொல்ல வேண்டும். கையேட்டைத் திருத்தச் சொல்லி என்னிடம் படிவம் கொடுத்தார். அது பழைய படிவம், திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை புதிய படிவம், கையால் எழுதியிருந்தார். தட்டச்சு செய்ய வேண்டும் என்றேன். மூன்றாம் முறை யாரையோ பிடித்துத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'திருத்தத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'ஆள் செத்துப் போகும்' என்று இருந்தது. காரணத்தைத் தொழில்நுட்ப முறையில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

"பரஞ்சோதி, உங்களுக்குப் போரம் வேணுமா, மனுசன் வேணுமா?" என்றார்.

"போரம் இருந்தா மனுசன் தானா வருவான் அண்ணே," என்றேன். அன்றைக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

பிப்ரவரியில் ரூபினி வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தாறு வயது. அதற்கு முன்னால் சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியில் வேலை. குக்கர் இயக்குபவராக எடுத்தார்கள். புதியவர் என்பதால் கையெழுத்துத் தாளை அவரிடம் தனியாகக் கொடுத்தேன். ஐந்தாம் திருத்தம் அப்போது. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சிட்டுப் போடறேன்," என்றார். இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் அவர் தாளைத் தொலைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் இருபதாம் தேதி, மத்தியானம், என் கதவைத் தட்டினார்.

"அண்ணே, பரஞ்சோதிங்கறது நீங்கதானே? ஊருக்கே சாப்பாடு போடறேன்னு எழுதிட்டு இங்க ரூம்புல ஒளிஞ்சுக்கிட்டா எப்படிலா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நாசி லெமாக். முப்பத்தோராம் பக்கம். முட்டை முழுசா வைக்கணும், பாதி வெட்டி வச்சு ஏமாத்தக் கூடாது. சம்பல் தனியா."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. முழுவதும் படித்தீர்களா என்று கேட்டேன்.

"மூணு வாரமாச்சு. மக்கான் நேரத்துல, சாப்பிட்டுக்கிட்டே, பத்துப் பக்கம், பத்துப் பக்கமா. கூட வேலை செய்யற மாலா என்னைப் பாத்து சிரிக்கறா, பரீட்சையா எழுதப் போறேனு. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணே. கொஞ்சம் வளவளன்னு இருக்கு."

வளவள என்பதுகூட எனக்கு இனிமையாகக் கேட்டது. கையெழுத்துத் தாளை நீட்டினார். பெயர், கையெழுத்து, தேதி, மூன்றும் இருந்தன. தேதிக் கட்டத்தை மற்ற எல்லாரும் காலியாகத்தான் விடுவார்கள். பன்னிரண்டு வருடத்தில் அதை நிரப்பியவர் அவர் ஒருவரே.

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதே பக்கத்துல பச்சை எரிஞ்சா கதவைத் திறக்கலாம்னு போட்டிருக்கீங்க. ஹேமா அண்ணன் அட்டையில பச்சை பொய்னு இருக்கு. இப்ப நான் ரெண்டுக்கும் நடுவுல நிக்கறேன். எதை அண்ணே கேக்கறது?"

"கையேட்டைக் கேளுங்க," என்றேன்.

"நிச்சயமா?"

"அட்டை யாரு வேணா எழுதலாம். கையேட்டுல மூணு பேர் கையெழுத்து இருக்கு."

"அது சரி," என்றார். "அப்ப நாசி லெமாக் நாளைக்கு."

மறுநாள் எனக்குக் கூட்டம். அதற்கு மறுநாளும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி தணிக்கை. எண் இல்லாத, தேதி இல்லாத, ஒப்புதல் இல்லாத எந்தக் காகிதமும் உற்பத்திப் பகுதியில் இருக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதியவனும் நான்தான். காலையில் ஒரு சுற்று வந்தேன். சுவரில் ஒட்டியிருந்த பிறந்தநாள் வாழ்த்து, மீன் விற்பவர் தொலைபேசி எண், ஒரு சாமி படம், எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசியாகக் கம்பியை வெட்டி ஹேமநாதனின் அட்டையை எடுத்தேன். தணிக்கை முடிந்ததும் திரும்பக் கட்டலாம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு பார்த்தால் குக்கர் சுத்தமாக, அழகாக இருந்தது.

அன்று தணிக்கையாளர் ரூபினியை நிறுத்தி, கதவை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். கையேட்டில் உள்ளதை வரிக்கு வரி ஒப்பித்தார். தணிக்கையாளருக்கு மகிழ்ச்சி. சுப்பிரமணியம் என் முதுகில் தட்டினார். நான் ரூபினியைப் பார்த்தேன். அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து முட்டை மாதிரி காட்டினார்.

பச்சை தினமும் பொய் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒன்று, இரண்டு முறை. பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள், காலை பத்தே முக்கால் மணிக்கு, பச்சை எரிந்தது. ஹேமநாதன் விடுமுறையில் இருந்தார். ரூபினி கதவைத் திறந்தார்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்.

சுப்பிரமணியம் என்னை அழைத்தது விபத்து நடந்த அன்றைக்கே, பன்னிரண்டு மணி வாக்கில். அறையில் குளிர்சாதனம் அதிகம். பொதுவாக அவர் 'நமது தொலைநோக்கு' என்று ஆரம்பிப்பார். அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை.

"பரன், உங்க மேனுவல்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கணும் சார்?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது போதும். மேலாளர்கள் சொல்லாததைப் புரிந்துகொண்டு எழுதுவதில்தான் என் அனுபவம் முழுக்க இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் ஆறாம் திருத்தம் தயார். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்: பச்சை விளக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கதவைத் திறக்கலாகாது, சோதனை வால்வை முதலில் திறந்து, நீராவி வெளியேறுவது முற்றிலும் நின்ற பின்னரே கதவை அணுக வேண்டும். ஹேமநாதனின் அட்டைதான், நல்ல தமிழில். பாம்பு மட்டும் இல்லை. நாசி லெமாக் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். வெளியீட்டுத் தேதி மார்ச் பத்தொன்பது என்று போட்டேன். கையெழுத்துத் தாளில் திருத்த எண் அச்சிட நான் மறந்திருந்தேன். என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரே கவனக்குறைவு. அது உதவியது. மற்ற கையெழுத்துகளுக்குத் தேதி இல்லை. ரூபினியின் கையெழுத்துக்கு எதிரே, அவர் கையாலேயே, மார்ச் இருபது.

ஆகவே, எச்சரிக்கையை முழுதும் படித்து, புரிந்துகொண்டு, மறுநாளே ஒப்பமிட்டவர், அதை மீறினார். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் இவ்வளவு ஒழுங்கான ஆவணங்களைப் பார்த்ததில்லை என்றார்கள். மாலாவிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். 'அட்டையை எடுத்துட்டாங்க, அப்ப புத்தகம்தான் சரி' என்று ரூபினி தன்னிடம் சொன்னதாக மாலா சொன்னார். அதைத் தட்டச்சு செய்தவன் நான். தேவையற்ற விவரங்களைச் சுருக்குவது என் தொழில்.

ஹேமநாதன் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"என் அட்டை எங்க?"

"எந்த அட்டை அண்ணே? ஆவண எண் இருக்கா?"

அவர் மேசையை நெருங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "நல்லா இரு," என்று மட்டும் சொன்னார். இப்போது கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார். என் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

அட்டையை நான் கிழிக்கவில்லை. நீக்கப்பட்ட ஆவணங்களை ஏழு வருடம் பாதுகாக்க வேண்டும். என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. எடுத்த தேதியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜூன் மாதம் ரூபினியின் அம்மா வந்தார். அழகம்மா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பண்டார் பாருவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். கம்பெனியிடம் எதுவும் கேட்டு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன் ஐயா. எங்க லைன் வீடுகள்ல எல்லாம் பேசிக்கறாங்க, ஒம் மவளே தப்பா தெறந்துட்டாளாமேன்னு. அவ புள்ளையும் கேக்கறான், அம்மா தப்புப் பண்ணிட்டாங்களா பாட்டினு. நீங்கதான் புத்தகம் எழுதறவங்களாம். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

கையேட்டை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பிறகு கையெழுத்துத் தாளை வைத்தேன். அவருக்குப் படிக்க வராது. கையெழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவ எழுத்துதான். முழுக்கப் படிச்சாளா?"

"முழுக்கப் படிச்சாங்க."

"படிப்பா. மருந்து பாட்டில்ல இருக்கறதைக்கூட படிச்சிட்டுத்தான் குடிப்பா. நாங்க கேலி பண்ணுவோம்." தாளிலிருந்து விரலை எடுத்தார். "அப்புறம் எப்படிங்க ஐயா?"

"நடைமுறை பின்பற்றப்படவில்லை," என்றேன். அறிக்கையில் இருந்த வாக்கியம் அப்படியே வந்துவிட்டது.

"அப்படின்னா?"

"அவங்க கவனிக்காம விட்டுட்டாங்க அம்மா."

தலையாட்டினார். அழவில்லை. புடவைத் தலைப்பால் மேசையில் தான் கை வைத்த இடத்தைத் துடைத்துவிட்டு, "அவனுக்கு அப்படியே சொல்லிடறேன்," என்றார். காண்டீனில் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றார்.

இதில் இன்னும் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. முறைப்படி அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது படிவத்தைத் திருப்பிய அன்று, ஹேமநாதன் என் கையைப் பிடித்துக் குக்கருக்கு இழுத்துப் போனார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. "பாருங்க, பச்சை," என்றார். "மேல இருக்கற குழாய்ல கறி எண்ணெய் கட்டிக்குது. உள்ள இருக்கற அழுத்தம் லைட்டுக்குத் தெரியாது." சின்ன வால்வைத் திறந்தார். சீறியது. என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. கழற்றித் துடைத்துக்கொண்டேன். அறைக்கு வந்து அவருடைய படிவத்தின் மேல் 'பரிசீலனையில்' என்று எழுதி வைத்தேன். அது ஜனவரி மாதம்.

ஆகவே மார்ச் இருபதாம் தேதி ரூபினி அந்தக் கேள்வியைக் கேட்டபோது, எனக்குப் பதில் தெரியும். என் புத்தகம் தப்பு, அட்டை சரி. ஐந்தே சொல். சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்குப் பிறகு கதவைத் தட்டிய ஒரே வாசகி, என் எதிரே நின்று, எதைக் கேட்பது என்று கேட்கிறார். மண்புழு படம் போட்ட பிஸ்கட் அட்டைக்கு அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்குத் தொழில்நுட்ப முறையில் வேறு காரணம் எழுத முடியுமா என்று நிறைய யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

அவரைக் கொன்றது நான். கொன்ற பிறகு பழியையும் அவர் மேல் போட்டேன். அவர் மகனிடம் அழகம்மாவின் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தேன்.

நான் இதை மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பெயரோடு, தேதிகளோடு, சான்று இருக்கும் இழுப்பறை எதுவென்பதோடு, அதிகாரபூர்வமான ஆவணத்தில், பக்க எண்ணிட்டு எழுதிவிட்டேன். மூன்று மேலாளர்கள் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். சுப்பிரமணியத்தின் கையெழுத்து இந்தப் பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது, பார்க்கலாம். பதினொரு பிரதிகள் உற்பத்திப் பகுதியில் தொங்கும். ஒரு மனிதன் இதைவிட வெளிப்படையாக எப்படி ஒப்புக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் தகவல் நிர்வாகப் பிரிவுக்கு வரலாம். கதவு திறந்துதான் இருக்கும். போலீஸை அழைத்து வந்தாலும் சரி.

கையெழுத்துத் தாள் நேற்று வந்துவிட்டது. இம்முறை திருத்த எண் சரியாக இருக்கிறது. ஏழாம் திருத்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் புரிந்துகொண்டதாக இருபத்தாறு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

புத்தகம் நாளைதான் அச்சுக்குப் போகிறது.